பத்தாவது வரி

கறம்பக்குடியில் ஃபிளக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு யார் வீட்டில் என்ன விசேஷம் என்பது சொந்தக்காரர்களுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கல்யாணம், வளைகாப்பு, கடைசியாகக் கண்ணீர் அஞ்சலி. பிறந்ததிலிருந்து போய்ச் சேரும் வரைக்கும் ஒரு மனுஷன் நாலைந்து தடவையாவது என் கடைப் பக்கம் வந்தாக வேண்டும். பதினாறு வருஷமாக இதுதான் என் பிழைப்பு.

என் கைவேலையைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நான் தலைகுனிந்து நிற்பது அந்தக் கைவேலையால்தான். கறுத்த மாப்பிள்ளையை மாநிறம் ஆக்குவேன். ஆதார் அட்டையில் முறைத்துக்கொண்டிருக்கும் பெரியவருக்குப் பட்டு வேட்டி கட்டி நாற்காலியில் உட்கார வைப்பேன். ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தைக் கொண்டுவந்து, "அண்ணே, கண்ணு மூடியிருக்கு, கொஞ்சம் தொறந்து விட்ருங்க" என்பார்கள். செத்தவருக்குக் கண் திறந்துவிட்டு, லேசாகச் சிரிப்பும் வைத்துக் கொடுப்பேன். வீட்டுக்காரர்கள் அழுதுகொண்டே, அப்படியே இருக்கிறார் என்பார்கள்.

என் மகள் பெயர் அன்புமொழி. ஒரே பிள்ளை, ஒன்பதாம் வகுப்பு. அவள் பிறந்ததும் கடைக்கும் அவள் பெயரையே மாற்றி வைத்தேன், அன்பு டிஜிட்டல்ஸ். சொந்தக் கடை இருக்கும்போது கை சும்மா இருக்குமா? யு.கே.ஜி. முடித்து கறுப்பு அங்கி போட்டதற்கு ஒரு ஃபிளக்ஸ். மூன்றாம் வகுப்பில் குறள் ஒப்பித்ததற்கு ஒரு ஃபிளக்ஸ். போன ஏப்ரலில் எட்டாம் வகுப்புத் திறனறித் தேர்வில் தேறினாள். எனக்கு அன்றைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பத்தடிக்கு எட்டடியில் ஃபிளக்ஸ் அடித்துக் கடைவீதி முக்கத்தில் கட்டினேன். 'வருங்கால கலெக்டர்' என்று ஓரடி உயர எழுத்து. கீழே தாய்மாமன்கள் நாலு பேரும் கும்பிட்டபடி.

மறுநாளிலிருந்து ஊரில் அவளுக்குப் பெயரே மாறிப்போனது. அவள் பஸ் ஏறினால் கண்டக்டர், "கலெக்டரம்மா ஏறியாச்சு, ரைட்" என்பார். மாவு மில்லுக்குப் போனால், "கலெக்டரம்மா, கணக்குல எம்புட்டு மார்க்கு?" என்பார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். ஒரு வாரம் கழித்து அவள் வந்து, "அப்பா, அதைக் கழட்டிரலாமா?" என்றாள்.

"என்னத்தா, வெக்கமா இருக்கா?" என்று சிரித்தேன். அவள் உள்ளே போய்விட்டாள். நான் கழட்டவில்லை.

ஜூன் முதல் வாரம் எங்கள் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். அதற்கு ஃபிளக்ஸ் அடிக்க மே மாதக் கடைசியில் நானும் என் மனைவி வனிதாவும் அன்பும் நின்று ஒரு படம் எடுத்தோம். கடைக்குப் போய், படத்தைப் பெரிதாக்கி, வழக்கம்போல ஒவ்வொரு முகமாகச் சுத்தம் செய்துகொண்டு வந்தேன். என் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பை எடுத்தேன். வனிதாவின் கன்னத்தில் இருந்த மங்குத் திட்டை எடுத்தேன். அன்பின் முகத்துக்கு வந்தபோது, இடது காதுக்கு மேலே ரூபாய்க் காசு அளவுக்கு முடியில்லாமல் தோல் தெரிந்தது.

புழுவெட்டு என்றால் வழுவழுவென்று இருக்கும். இது அப்படி இல்லை. குட்டையும் நெட்டையுமாக, அறுந்த முடிகள் அங்கங்கே நட்டுக்கொண்டு நின்றன. தினமும் ஊரார் தலைமுடியைப் பெரிதாக்கிப் பார்க்கிறவனுக்கு இதுகூடத் தெரியாதா? பிடுங்கின இடம் அது. முந்தின வாரம் அவள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு முடியைச் சுருட்டிச் சுருட்டி வெடுக்கென்று இழுத்ததையும், அதை நோட்டு மேல் வைத்துப் பார்த்ததையும் நான் வாசல்படியில் செருப்பு மாட்டிக்கொண்டே பார்த்திருந்தேன்.

தெரிந்ததும் என்ன செய்திருக்க வேண்டும்? வீட்டுக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, என்னத்தா ஆச்சு என்று கேட்டிருக்க வேண்டும். நான் வலது பக்கத்து முடியிலிருந்து ஒரு கற்றை எடுத்து இடது பக்கத்தில் வைத்தேன். ஓரத்தை மெழுகினேன். நாலு நிமிஷ வேலை. பிறகு பிரிண்ட் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று என்னையே பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். முடியைப் பிய்த்துக்கொள்கிற பெண்ணை எங்கள் பக்கம் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். காத்துக் கருப்பு அண்டிருச்சு என்பார்கள். அதைவிட மோசமாக, கிறுக்கு என்பார்கள். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் காதுக்குப் போகும். முக்கத்தில் கலெக்டர் என்று கட்டி வைத்திருக்கிறேன், அதற்குக் கீழே நின்று நாலு பேர் சிரிப்பார்கள். இத்தனையும் ஒரு நொடியில் ஓடியது. அந்த நொடியில் அவளுக்கு வலித்திருக்குமா என்ற நினைப்பு மட்டும் வரவில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

வனிதாவிடமும் சொல்லவில்லை. விசேஷம் முடியட்டும் என்று இருந்தேன். விசேஷம் முடிந்ததும், பள்ளிக்கூடம் திறந்தால் சரியாகிவிடும் என்று இருந்தேன். ஜூனிலிருந்து அன்பு தானே தலை பின்னிக்கொள்ள ஆரம்பித்தாள். "பொறுப்பு வந்துருச்சு பாருங்க" என்று வனிதாவுக்குப் பெருமை. அவள் விடிகாலையில் எழுந்து சமைத்து வைத்துவிட்டு ஜவுளிக்கடை வேலைக்கு ஓடுகிறவள். அவளுக்கு அது பெரிய உபகாரமாக இருந்தது. ரிப்பன் காதுக்கு மேலே ஏறிப் பூவாக விரிந்திருப்பது எதற்கு என்று வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நாட்டு மருந்துக் கடையில் ஒரு எண்ணெய் வாங்கிக் கண்ணாடி முன்னால் வைத்தேன். "எதுக்குப்பா?" என்றாள். "சும்மா, முடி நல்லா வளரும்" என்றேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, வராத அழைப்புக்கு "சொல்லுங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே வெளியே போனேன்.

காலாண்டுத் தேர்வில் கணக்கில் ஐம்பத்தொன்று. "கலெக்டர் ஆகப்போறவ வாங்குற மார்க்கா இது? ஊரே பாத்துக்கிட்டிருக்கு" என்று கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே அவள் கை மெல்லக் காதுக்கு மேலே போனது. நான் டிவி பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நவம்பரில், குழந்தைகள் தின வாரத்தில், அவள் பள்ளித் தலைமையாசிரியை அமிர்தவல்லி டீச்சர் புதுக்கோட்டையிலிருந்து மனநல ஆலோசகர் ஒருவரை வரவழைக்க ஏற்பாடு செய்தார். பிள்ளைகளின் பயத்தையும் பதற்றத்தையும் பற்றிப் பேசுவதற்கு. அதற்கு ஆறுக்கு நாலில் ஒரு பேனர் வேண்டும். பேனரில் போட வேண்டிய விஷயத்தை அன்புதான் சாயந்திரம் கடைக்குக் கொண்டுவந்தாள். அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். டீச்சர் சொல்லச் சொல்ல அவளே எழுதியிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு கல்யாண வீட்டார் போனில் என்னைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபிளக்ஸில் சின்ன மாமன் தலை பெரிய மாமன் தலையைவிடப் பெரிதாக விழுந்துவிட்டதாம், பெரிய மாமன் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாராம். அன்பு வழக்கமாகத் தாளைக் கொடுத்ததும் கிளம்பிவிடுவாள். அன்றைக்குப் போகாமல் நின்றாள்.

"அப்பா, எழுதியிருக்குற எல்லாத்தையும் போட்ருவீங்கல்ல?"

"போடுறேன், போ."

"நீங்களே டைப் பண்ணுங்கப்பா. படிச்சுப் பாத்துப் பண்ணுங்க."

நான் போனைப் பொத்திக்கொண்டு, "சரித்தா, அங்கிட்டுப் போ, பெரிய மனுஷங்க பேசிக்கிட்டிருக்கோம்ல" என்றேன். போய்விட்டாள்.

இந்தத் தொழிலில் எழுத்து கண்ணுக்குள் நுழைந்து விரல் வழியாக வெளியே போய்விடும், மூளைக்கு வேலை இல்லை. 'மனசு பதறும்போது உடம்பு காட்டும் அடையாளங்கள்' என்று தலைப்பு. வயிற்று வலி, தலைவலி, தூக்கம் வராமை, பசியில்லாமை, நெஞ்சு படபடப்பு, உள்ளங்கை வியர்ப்பது, நகம் கடிப்பது, காரணமில்லாத அழுகை, தொட்டதற்கெல்லாம் கோபம். தட்டிக்கொண்டே வந்தேன். பத்தாவது வரி தாளின் அடியில் நெருக்கி எழுதியிருந்தது. 'தலைமுடியைத் தானே பிடுங்கிக்கொள்வது.'

தட்டி முடித்த பிறகுதான் படித்தேன். இது பேனரில் ஏறினால் பள்ளிக்கூடம் முழுக்கப் படிக்கும், வருகிற பெற்றோர்கள் படிப்பார்கள், யார் தலையில் என்று தேடுவார்கள். ரிப்பனுக்கு அடியில் பார்ப்பார்கள். அந்த வரியை அழித்தேன். ஒன்பதையும் மூன்று மூன்றாகக் கட்டம் போட்டேன், பார்க்க லட்சணமாக இருந்தது. பத்தாவது வரியின் இடத்தில் கடை பெயரையும் செல் நம்பரையும் போட்டேன்.

மகள் பள்ளிக்கூடம் என்பதால் பேனரை நானே கட்டப் போனேன். மாடிக் கூடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எழுபது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் கம்பியில் கட்டி முடிக்கும்போதே ஆலோசகர் வந்துவிட்டார். ஷர்லி என்று பெயர். பருத்திப் புடவை, தோளில் ஒரு துணிப்பை. மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளுக்கு நடுவில் போய் அவரும் தரையிலேயே உட்கார்ந்தார்.

"நாய் தொரத்துனா என்ன பண்ணுவீங்க?"

"ஓடுவோம் மிஸ்."

"ஓட வைக்கிறது எது?"

"பயம்."

"அப்ப பயம் நல்லதா கெட்டதா?" பிள்ளைகள் முழித்தார்கள். "நம்மளக் காப்பாத்தத்தான் அது வருது. ஆனா சில நேரம் நாயே இல்லாதப்பவும், ஓடு ஓடுன்னு உள்ள கத்திக்கிட்டே இருக்கும். பரீட்சை நாயா? மார்க்கு நாயா? இல்ல. ஆனா ஒடம்புக்கு அது தெரியாது. அதனால அது எங்கெங்க வந்து உக்காருதுன்னு நாமளே கண்டுபிடிக்கணும்."

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள் கொடுத்தார். அதில் ஒரு பிள்ளை உருவம், வெறும் கோடாக. பயம் வரும்போது உடம்பில் எந்த இடத்தில் தெரிகிறதோ அங்கே வண்ணம் அடிக்கச் சொன்னார். ஒருத்தி வயிறு முழுக்கச் சிவப்பு அடித்தாள். ஒருத்தி தொண்டையில் கறுப்பு வட்டம் போட்டாள். "மிஸ், எனக்குக் காலு. கணக்கு சார் வந்தாலே காலு ஆடும்" என்று ஒருத்தி சொல்ல, கூடமே சிரித்தது. ஷர்லியும் சிரித்துவிட்டு, "எனக்கும் இங்க பேச வரும்போது காலு ஆடுச்சு" என்றார்.

என் வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் கயிற்றை இழுத்துக் கட்டுகிற சாக்கில் நின்றேன். அன்பு தாளைத் தொடவில்லை. தலையைத் தூக்கிப் பேனரைப் படித்துக்கொண்டிருந்தாள். மேலிருந்து ஒவ்வொரு கட்டமாக அவள் கண் இறங்கியது. ஒன்பதாவதைத் தாண்டிக் கடை பெயரில் வந்து நின்றது. மறுபடி மேலே போய் முதலிலிருந்து படித்தாள். பிறகு தாளை நாலாக மடித்துப் பாவாடைக்கு அடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

அமிர்தவல்லி டீச்சர் என் பக்கத்தில் வந்து நின்றார். "நல்லா வந்திருக்கு ஆத்மநாதன். சொன்ன ஒம்பதையும் அழகாப் போட்டிருக்கீங்க."

"பத்துல்ல டீச்சர் இருந்துச்சு?" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"இல்லையே, ஒம்பதுதான். நான்தானே சொன்னேன், அன்புமொழிதானே எழுதுனா."

டீச்சர் நகர்ந்து போய்விட்டார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். டீச்சர் சொல்லாத வரியை எழுதியவள் என் மகள். எல்லாத்தையும் போடுவீங்கல்ல என்று கேட்டது அதற்காக. நீங்களே டைப் பண்ணுங்க, படிச்சுப் பாத்துப் பண்ணுங்க என்றது அதற்காக. வாயால் சொல்ல முடியாததைக் கையால் எழுதி என் மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதையும் நான் அழித்துவிட்டேன். செருப்பைக் கழட்டி என் தலையிலேயே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"யாருக்காச்சும் தனியாப் பேசணும்னா நூலகத்துல இருக்கேன், வாங்க. பேசாம உக்காந்துட்டுப் போனாலும் சரி" என்று சொல்லி ஷர்லி எழுந்தார். மூன்று பெண்கள் பின்னாலேயே போனார்கள். அன்பு எழுந்திருக்கவில்லை. எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, இனி அவள் யாரிடமும் போகமாட்டாள். ஒரு தடவை கதவைத் தட்டிப் பார்த்தாள், உள்ளேயிருந்து தாழ் போடும் சத்தம் கேட்டது, அவ்வளவுதான். இப்போது நான் பேசாவிட்டால் இது இப்படியே உள்ளுக்குள் போய்விடும்.

டீச்சரிடம் கேட்டுக்கொண்டு அன்பை வெளியே கூப்பிட்டேன். "அந்த மிஸ்ஸப் பாக்கப் போவோம், வாத்தா" என்றேன். எதற்கு என்று கேட்கவில்லை. மூன்று பெண்களும் பேசி முடித்து வரும் வரை நூலகத்து வாசலில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

உள்ளே போனதும் ஷர்லி என்னைக் கேட்கவில்லை, அவளைத்தான் கேட்டார். "அப்பா இருக்கட்டுமா, வெளிய இருக்கணுமாம்மா?"

அன்பு யோசித்தாள். "இருக்கட்டும் மிஸ்."

நான் ஆரம்பித்தேன். "பாப்பாவுக்குத் தலையில கொஞ்சம் முடி கொட்டுது மேடம், எண்ணெய்லாம் வாங்கிக் குடுத்துப் பாத்தோம்..." என்று வழக்கமான மெழுகல் வேலை தானாக வாயில் வந்தது. அன்பு மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப சார் மொதல்ல பாத்தீங்க?"

இப்பத்தான், போன வாரம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? நாக்கு நுனி வரை வந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"மே மாசம். வீட்டு விசேஷத்துக்கு எடுத்த படத்துல பாத்தேன். கொட்டுனது இல்ல, பிடுங்குனதுன்னு தெரியும். படத்துல மறைச்சுட்டேன். யார்கிட்டயும் சொல்லல."

"தெரியும்பா" என்றாள் அன்பு.

நான் திரும்பி அவளைப் பார்த்தேன்.

"கடையில ஒங்க கம்ப்யூட்டர்ல ரெண்டு படமும் இருந்துச்சு. மொதல்ல எடுத்ததும், நீங்க பண்ணுனதும். பெருசு பண்ணிப் பாத்தேன். நல்லாப் பண்ணியிருந்தீங்கப்பா. எந்த எடம்னே தெரியல." குத்திக்காட்டுவதற்காக அவள் சொல்லவில்லை. என் வேலையை எப்போதும் பாராட்டுகிற மாதிரியே சொன்னாள். "அப்ப அது வெளிய தெரியக் கூடாது போலன்னு நெனச்சேன். அதான் ரிப்பனை மேல ஏத்திக் கட்டுனேன்."

ஷர்லி மெதுவாகக் கேட்டார். "பிடுங்கும்போது எப்படிம்மா இருக்கும்?"

"படிக்க உக்காந்தா கை தானாப் போவுது மிஸ். ஒண்ணு பிடுங்குனா கொஞ்ச நேரம் உள்ள அமைதியாயிரும். அப்பறம் பயமா இருக்கும். பஸ்ல கலெக்டரம்மான்னு கூப்பிடுவாங்கல்ல, அப்ப வயித்தப் பெசையும். ஃபெயிலாயிட்டா அந்த ஃபிளக்ஸை என்ன பண்ணுவாங்கன்னு தோணும்."

"இது கெட்ட பழக்கம் இல்லம்மா, கிறுக்கும் இல்ல. நெறைய பிள்ளைங்களுக்கு வருது. மனசு தூக்க முடியாததக் கை எறக்கி வைக்கப் பாக்குது. வேற விதமா எறக்கி வைக்கக் கத்துக்கலாம், நான் சொல்லித் தாரேன். டாக்டரையும் ஒரு தடவ பாப்போம்." பிறகு, "எப்பவாச்சும் யார்கிட்டயாச்சும் சொல்லணும்னு தோணுச்சா?" என்றார்.

அன்பு என் பக்கம் திரும்பினாள். "பேச வரல மிஸ். அதான் பேனருக்கு எழுதிக் குடுத்தேன். அப்பா டைப் பண்ணும்போது படிப்பாங்கல்ல." பிறகு என்னிடம், "எடம் பத்தலையாப்பா?" என்றாள்.

அவளே எனக்கு ஒரு வழி திறந்துவிட்டாள். நான் அதில் நுழைந்துகொண்டேன். "ஆமாத்தா, பத்தல" என்றேன். அவள் தலையாட்டினாள். அவள் முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. நான் செய்ததிலேயே கேவலமான காரியம் அதுதான்.

அம்மாவுக்கு இன்றைக்கே சொல்ல வேண்டும், சனிக்கிழமை மூன்று பேரும் வர வேண்டும் என்றார் ஷர்லி. "ஒருத்தர் சொல்லி முடிக்கிற வரைக்கும் மத்தவங்க குறுக்க பேசக் கூடாது. அட்வைஸ் கூடாது, அழுகையக் கூட நிறுத்தச் சொல்லக் கூடாது. யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்" என்றேன்.

சாயந்திரம் வண்டியில் திரும்பும்போது முக்கத்தில் நிறுத்தினேன். ஏழு மாத வெயிலில் வெளுத்துப் போய் அவள் முகம் மேலே தொங்கியது. "இப்பவே ஏறி அறுத்துர்றேன்" என்று இறங்கினேன்.

"வேணாம்ப்பா, எல்லாரும் பாக்குறாங்க. வீட்டுக்குப் போவோம்."

அவள் சொன்ன பிறகுதான் சுற்றிப் பார்த்தேன். டீக்கடையில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மானம் போய் நிற்கிற நேரத்திலும் எனக்கு ஊர் பார்க்க ஒன்று செய்ய வேண்டியிருந்தது. வண்டியைக் கிளப்பினேன்.

வனிதா வேலையிலிருந்து வந்து அடுப்படியில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் நிலைப்படியில் நின்றேன். பேனரில் நான் தட்டின அடையாளங்களில் பாதி என் உடம்பிலேயே தெரிந்தது. கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவளிடம் இப்படிப் பயந்து நின்றதில்லை.

"என்னங்க, மரமாட்டம் நிக்கிறீங்க?" என்றாள்.

அன்பு வந்து என் பக்கத்தில் நின்று தோளில் கை வைத்தாள். "அம்மா, அப்பா ஒண்ணு சொல்லணுமாம். முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசக் கூடாது."

சொன்னேன். முடியைப் பிடுங்குவதைச் சொன்னேன். படத்தைச் சொன்னேன். மே மாதம் என்றதும் வனிதா அரிவாள்மனையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "மே மாசமா? ஆறு மாசமா? பெத்தவ நான் வீட்டுக்குள்ளதானே கெடக்குறேன், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல ஒங்களுக்கு..."

"அம்மா, அப்பா இன்னும் முடிக்கல" என்றாள் அன்பு. பிறகு என்னிடம், "சொல்லுங்கப்பா. மெதுவாச் சொல்லுங்க" என்றாள்.

ஆறு மாதத்தில் ஒரு நாள்கூட இப்படி ஒரு வார்த்தை நான் அவளிடம் சொன்னதில்லை. அதற்கு மேல் என்னால் அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"பேனர்ல எடம் இருந்துச்சுத்தா. ஒன் வரியைத் தட்டிட்டேன். படிச்சுப் பாத்துட்டு நானேதான் அழிச்சேன்."

தோளில் இருந்த கை போய்விட்டது. வனிதா அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

"படிச்சீங்களா?" என்றாள் அன்பு.

"படிச்சேன்."

"நான்னு தெரிஞ்சுச்சா?"

"டீச்சர் சொல்லாம நீயாச் சேத்து எழுதுனதுன்னு அப்பத் தெரியல. ஆனா ஒன்னயத்தான் நெனச்சேன்."

"அப்ப ஏம்ப்பா அழிச்சீங்க?" அவள் குரல் உயர்ந்தது. பிறந்ததிலிருந்து என்னிடம் அவள் குரல் உயர்ந்ததே இல்லை. "ஏன் அழிச்சீங்க? என்னைய நெனச்சா ஒங்களுக்கு வெக்கமா இருந்துச்சா?"

இந்த இடத்தில் சொல்வதற்கு என்னிடம் நாலைந்து நல்ல பதில்கள் இருந்தன. ஒன் நல்லதுக்குத்தான் என்று சொல்லலாம். ஊர் வாய்க்குப் பயந்து என்று சொல்லலாம்.

"ஆமாத்தா" என்றேன். "இருந்துச்சு."

அவள் வாய்விட்டு அழுதாள். அக்கம்பக்கத்தில் கேட்கும் அளவுக்கு அழுதாள். இரண்டு கையையும் மடக்கி என் நெஞ்சில் குத்தினாள், "எம்புட்டு நாளு, எம்புட்டு நாளு" என்று கேட்டுக் கேட்டுக் குத்தினாள். வனிதா அவள் கையைப் பிடிக்க வந்தாள். "பிடிக்காத வனிதா" என்றேன். "அவ இன்னும் முடிக்கல."